தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் எந்த நர்சரிக்குள் நுழைந்து வீட்டுக்குள் வைக்க ஒரு செடி கேட்டாலும், செடியோடு ஓர் உபதேசமும் இலவசமாக வருகிறது. "பிளாஸ்டிக் வேணாம் மேடம், மண் தொட்டியில வைங்க. அதுதான் மூச்சு விடும்." அம்பத்தூர் ஓ.டி.யில் மாடித்தோட்டம் போட்டிருக்கும் பெரியவர் சொல்வதும் இதுதான். ஆவடிக் குடியிருப்புகளில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் இதுதான். பத்திரிகைகளின் வீட்டுக்குறிப்புப் பக்கங்களில் வருஷா வருஷம் அச்சாவதும் இதுதான். மண் என்றால் உயிர், பிளாஸ்டிக் என்றால் நஞ்சு. பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னால் மரபுக்கே விரோதி போலப் பார்க்கிறார்கள்.

பார்க்கட்டும். வீட்டுக்குள் வளரும் செடிக்குத் தொட்டி எதனால் செய்யப்பட்டது என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அடியில் ஓட்டை இருக்கிறதா என்பது முதல் கேள்வி. வேருக்குத் தகுந்த அளவா என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் கேட்காமல் மூன்றாவதற்கு மட்டும் பதிலை மனப்பாடமாக வைத்திருப்பதால்தான், எதற்கும் சாகாது என்று பெயர் வாங்கிய மணி பிளான்ட்கூட முகப்பேர் அடுக்குமாடி வீடுகளில் அழுகிப்போகிறது.

மூச்சுக் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. அதில் பாதி உண்மை. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈரம் கசிந்து வெளிச் சுவரில் ஆவியாகிறது. பானைத் தண்ணீர் குளிர்வது இதனால்தான், இதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நீர் கசிகிறது என்பதிலிருந்து வேர் சுவர் வழியாக மூச்சு விடுகிறது என்று ஒரு தாவு தாவுகிறார்களே, இடறுவது அங்கேதான்.

வேருக்கு ஆக்சிஜன் வேண்டும், சரி. அது கிடைப்பது மண் கலவையின் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்று இடைவெளிகளில். அந்தக் காற்று மேற்பரப்பு வழியாகவும் அடி ஓட்டை வழியாகவும் வந்துபோகிறது. இடைவெளிகளில் தண்ணீர் நின்றுவிட்டால் வினை; காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வேர் திணறுவது அப்போதுதான். இப்போது தொட்டிச் சுவரைப் பாருங்கள். கலவை சொதசொதவென்று இருக்கும் அதே நேரத்தில், அதை ஒட்டிய சுவரின் நுண்துளைகளிலும் தண்ணீர்தான் நிறைந்திருக்கும். அவற்றின் வழியே காற்று எப்படிப் போகும்? கலவை காய்ந்தபின் சுவரும் காயும், துளைகளும் திறக்கும். அந்த நேரத்தில் கலவைக்குள்ளேயே காற்று தாராளமாக இருப்பதால் சுவரின் தயவு யாருக்கும் தேவையில்லை. புழுக்கத்தில் இறுக மூடிக்கொண்டு, வெளியே காற்றாடும்போது மட்டும் திறந்துகொள்ளும் ஜன்னலை வைத்து என்ன செய்வது?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூச்சு விடும் என்று சொல்லிச் சாலையோரத்தில் அடுக்கி வைத்திருக்கும் தொட்டிகளில் பல, பளபளவென்று செங்கல் நிற பெயிண்ட் அடித்தவை. அதன்மேல் வெள்ளையில் கோலம், மயில், பொம்மை. பெயிண்ட் ஏறினால் துளை அடைபடும். அவர்கள் தர்க்கப்படியே பார்த்தாலும் அது மூக்கைப் பொத்திய தொட்டிதான். இதை எடுத்துச் சொன்னால், "அது லுக்குக்கு மேடம்" என்பார்கள்.

"மூச்சை விடுங்கள், மண் தொட்டி சீக்கிரம் காய்கிறதே, தாராளமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு அது நல்லதுதானே?" என்று ஒருவர் கேட்டால், அது நேர்மையான கேள்வி. நல்லதுதான், காற்றில் ஈரம் குறைந்த ஊரில். நம் பக்கத்து நிலவரம் என்ன? கோடையில் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் முதலில் எட்டும் கடற்காற்று, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வந்து சேரத் தாமதமாகும். சில நாள் வரவே வராது. அதுவரை மேற்கிலிருந்து வீசும் வறண்ட அனல்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவானது. இன்னும் உள்ளே தள்ளியிருக்கும் நமக்குச் சொல்லவே வேண்டாம். அந்த மாதங்களில் ஆறங்குல மண் தொட்டியில் ஒரு ஃபெர்னையோ பீஸ் லில்லியையோ வைத்து, மேலே ஃபேனும் ஓடினால், காலையில் ஊற்றிய தண்ணீரில் பெரும்பங்கைச் செடிக்கு முன்னால் சுவரே குடித்துவிடும். மாலைக்குள் இலை தொங்கும்.

பிறகு அக்டோபர் பிறக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் காற்றே ஈரத்தால் கனத்துக் கிடக்கும். வெளிச்சம் குறைவு, செடியும் குடிப்பது குறைவு. தொட்டி காய்ந்து கைகொடுக்க வேண்டிய வேளை இதுதான். ஆனால் ஆவியாக இடமில்லாததால் சுவர் நாள் கணக்கில் நனைந்தே நிற்கும். வெளிப்புறம் பச்சையாகப் பாசி பிடிக்கும். தரை டைல்ஸில் வட்டமாக ஒரு கறை விழும், அதை எந்த ஆசிட் போட்டாலும் முழுதாக எடுக்க முடியாது. ஆக, உலர்த்த வேண்டாத மே மாதத்தில் மும்முரமாக உலர்த்திவிட்டு, உலர்த்த வேண்டிய நவம்பரில் கையை விரித்துவிடுகிறது.

இதற்கு நடுவில் நம் போர்வெல் தண்ணீர் வேறு. இந்தப் பகுதிகளில் பல வீடுகளில் அது கடினநீர். குழாய் முனையிலும் பக்கெட் விளிம்பிலும் படிந்திருக்கும் வெள்ளையே சாட்சி. ஒரு வருஷம் ஓடிய மண் தொட்டியின் வெளிச் சுவரை நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். அதைப் பூஞ்சை என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தொட்டி விஷத்தை வெளியே தள்ளுகிறது என்று பூரிக்கிறவர்களும் உண்டு. இரண்டும் கிடையாது. நீரில் கரைந்திருந்த உப்பு, நீர் ஆவியானபின் தங்கிவிட்டது, அவ்வளவே. வெளியே எவ்வளவு படிகிறதோ அதற்கேற்ப உட்சுவரிலும் சேர்ந்திருக்கும், அங்கேதான் வேர்கள் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. பிளாஸ்டிக் தொட்டியிலும் உப்பு சேரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுவர் வழியே வீணாகும் தண்ணீருக்கும் சேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தால், உப்பையும் சேர்த்துத்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். எந்தத் தொட்டியானாலும் மாதம் ஒருமுறை ஓட்டை வழியே நன்றாக வடியும்படி மழைநீரோ நல்ல தண்ணீரோ விட்டுக் கழுவுவதே வழி. அதற்கும் முதலில் ஓட்டை வேண்டும்.

ஓட்டை என்றதும் நினைவுக்கு வருவது, மண் தொட்டிப் பிரசாரத்தோடு கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு வேதவாக்கு: அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஜல்லி, ஓட்டாஞ்சில்லு, செங்கல் துண்டு போடு, தண்ணீர் தேங்காது. இதைச் சொல்லாத தோட்டக்காரர் கிடையாது. இது மூச்சுக் கதையைவிடக் கெடுதலானது. கண்ணுக்கு நியாயமாகத் தெரிவதால் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

சோதிப்பது சுலபம். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்து உள்ளங்கையில் படுக்கை வசமாக வையுங்கள். சொட்டுச் சொட்டாக வடிந்து நின்றுவிடும். பிழியாமல், அதை அப்படியே குறுகிய விளிம்பின்மேல் நிறுத்துங்கள். நின்றுபோன சொட்டு மறுபடி ஆரம்பிக்கும். தண்ணீரைக் கூட்டவில்லை, ஸ்பாஞ்சை மாற்றவில்லை; உயரம் மட்டும் கூடியது. தொட்டிக்குள் நடப்பதும் இதுவே. கலவையின் நுண்ணிய இடைவெளிகள் புவியீர்ப்பை எதிர்த்துக் கொஞ்சம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் எல்லாம் வடிந்தபின்னும் தொட்டியின் அடியில் ஓர் ஈர அடுக்கு மிச்சமிருக்கும். அதன் உயரம் கலவையைப் பொறுத்தது. தொட்டி பெரிதா சிறிதா, மண்ணா பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்ததல்ல. ஜல்லி போட்டால் இந்த அடுக்கு காணாமல் போகாது. ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதாவது வேருக்கு இரண்டு அங்குலம் பக்கத்தில் வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய உயரத்தை நாமே கல்லைப் போட்டுக் குறைத்துக்கொள்கிறோம்.

இது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கார்ட்னர் என்ற மண் இயற்பியலாளர் 1959இலேயே இதைப் படம் பிடித்துக் காட்டினார். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மேலே நுண்மண், கீழே பருமணல். தண்ணீர் இறங்கி வந்து எல்லையில் அப்படியே நிற்கிறது, மேலே உள்ள மண் நிறைந்து தளும்பும் வரை பருமணலுக்குள் இறங்க மறுக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர்-ஸ்காட், தொட்டியடிக் கல் என்னும் நம்பிக்கையை மறுத்து விளக்கமாகவே எழுதியிருக்கிறார். ஓட்டை வழியே மண் கொட்டக்கூடாது என்றால் கொசு வலைத் துண்டு ஒன்று போதும். ஜல்லியைத் தளம் போடுகிறவர்களுக்கு விட்டுவிடலாம்.

அளவு விஷயத்தில் நடக்கும் அநியாயம் வேறு ரகம். "செடி வளரும்ல, இப்பவே பெரிய தொட்டியா வாங்கிடுங்க" என்பது நர்சரியின் பாட்டு. இதற்கு ஆதரவாக ஓர் ஆய்வைக்கூட அவர்கள் காட்டலாம், காட்டத் தெரியாததால் நானே சொல்கிறேன்: ஹென்ட்ரிக் பூர்ட்டரும் சகாக்களும் 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொட்டியின் கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் செடியின் எடை சராசரியாக 43 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். உண்மைதான். ஆனால் வெளிச்சத்தை வைத்துத்தான் செடி உடம்பு வளர்க்கிறது. வடக்குப் பார்த்த ஜன்னல், எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், பகலிலும் டியூப்லைட்: இந்த ஹாலில் ஸீஸீ பிளான்ட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத் தொட்டி கொடுத்தால், வேர் எட்டாத மண்தான் மிச்சம். குடிக்க ஆளில்லாத தண்ணீர் அந்த மண்ணில் வாரக்கணக்கில் கிடந்து புளிக்கும், அழுகல் அங்கிருந்து வேருக்கு ஏறும். இப்போதிருக்கும் வேர்க்கட்டியைவிட ஒரு அங்குலமோ, மிஞ்சிப்போனால் இரண்டு அங்குலமோ அகலமான தொட்டி போதும். வேர் அடியில் எட்டிப் பார்க்கும்போது அடுத்தது வாங்கிக்கொள்ளலாம்.

வேர்க்கட்டி என்று சொன்னேனே, வாங்கிய செடியைக் கவரிலிருந்து உருவி அதை ஒருமுறை பாருங்கள். நம் நர்சரிகளில் விற்கும் செடிகளில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருகின்றன. பயணத்தில் உதிராமல் இருக்க வேரைச் சுற்றிப் பிசுபிசுப்பான மண் உருண்டை. இதை அப்படியே தூக்கித் தென்னை நார்க்கழிவுக் கலவைக்குள் புதைத்துவிட்டு, மேல்மண் காய்ந்ததே என்று தண்ணீர் ஊற்றுகிறோம். நார்க்கழிவோ தன் எடையைப் போல் எட்டு மடங்குக்குமேல் நீர் பிடிக்கும். உள்ளே உருண்டை ஒரு கணக்கு, வெளியே கலவை ஒரு கணக்கு. இந்தச் சிக்கலைத் தீர்க்காமல் தொட்டியை மட்டும் மண்ணுக்கு மாற்றினால் செடி பிழைத்துவிடுமா?

பீங்கான் தொட்டிகளைப் பற்றி மண் தொட்டிக் கட்சியினர் வாயே திறப்பதில்லை, பிளாஸ்டிக்மேல்தான் அத்தனை கோபமும். உண்மையில் வீட்டுச் செடிகளின் பெரிய எமன் கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாக வரும் ஓட்டையில்லாப் பீங்கான் தொட்டிதான். குர்ஜாவில் செய்து, பூப்போட்டு, பெட்டியில் அடைத்து வரும் அழகான பாத்திரம் அது. பாத்திரமாகவே பயன்படுத்த வேண்டும்: செடி நர்சரியின் சாதாரணப் பிளாஸ்டிக் தொட்டியிலேயே இருக்கட்டும், அதைத் தூக்கிப் பீங்கானுக்குள் இறக்குங்கள். தண்ணீர் விடும்போது வெளியே எடுத்து, சிங்க்கில் வைத்து ஊற்றி, வடிந்தபின் திரும்ப வைத்துக்கொள்ளலாம். உள்ளே தேங்கினால் கொட்டிவிடலாம். தொட்டியடித் தட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்த்தாக வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும். டெங்கு சீசனில் வீடு வீடாக வரும் பணியாளர்கள் குனிந்து பார்ப்பதும் அந்தத் தட்டைத்தான்.

"எல்லாம் சரி, ஆனாலும் பிளாஸ்டிக் பாவம்தானே?" இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைகள், கோப்பைகள், தட்டுகள் போன்றவை. பத்து வருஷம் ஒரே மூலையில் இருக்கும் தொட்டியை அந்த வரிசையில் சேர்ப்பது கணக்குத் தெரியாத கோபம். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டி இரண்டு மூன்று கோடையில் நொறுங்கும், வெயிலின் புற ஊதாக் கதிர் அதைத் தின்றுவிடும். வீட்டுக்குள் அந்த வெயிலே இல்லை. பிளாஸ்டிக்கின் பெரிய பலவீனம் எந்த இடத்தில் இல்லாமல் போகிறதோ, அந்த இடத்திலிருந்தே அதை விரட்டச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் 2013இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, தோட்டக்கலைத் துறை கொடுத்தது பாலித்தீன் பைகளும் நார்க்கழிவும்தான். அதில் கத்தரியும் வெண்டையும் காய்த்தன. கண்டிக்க வேண்டியது செடியோடு வரும் மெல்லிய கருப்புக் கவரை. பிரித்த உடனே குப்பைக்குப் போவது அதுதான். கெட்டியான தொட்டியில் இருக்கும் செடியாகப் பார்த்து வாங்கலாம், பழைய தொட்டியை நர்சரிக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். கேட்டால் வாங்கிக்கொள்கிறார்கள்.

மண் தொட்டி உடைந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று உருகுகிறவர்கள், பூந்தமல்லியிலிருந்து திருவள்ளூர் பக்கம் போய்ப் பார்க்கட்டும். பட்டறைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது பானை ஓடுகளும் சுடுமண் உறைகளால் ஆன கிணறும் கிடைத்தன. கீழடியில் கிடைத்தது ஊரறிந்த கதை. சுட்ட மண் இரண்டாயிரம் வருஷம் ஆனாலும் மண்ணாகத் திரும்பாது என்பதால்தான் தொல்லியலாளர்களுக்கு வேலையே நடக்கிறது. அது கெடுதல் செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சூளையில் எரியும் விறகையும், ஏரியில் எடுக்கும் களிமண்ணையும், நாலு தொட்டி இறக்கினால் வழியில் உடையும் ஒன்றையும் கணக்கில் சேர்க்காமல் புனிதம் பேசக்கூடாது.

கடைசியாகக் குயவர் பிழைப்பு. எதிராளியின் வாயை அடைக்க வைத்திருக்கும் அஸ்திரம் இது. கொசப்பேட்டைச் சூளைகளும் சக்கரங்களும் எப்படிச் சுருங்கின என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. 2024இல் ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று விதி தளர்த்தப்பட்டதும் நல்ல காரியம். குயவருக்கு வேண்டியது மண், விறகு, காயவைக்க இடம், கட்டுப்படியாகும் விலை. அவர் செய்த பொருளைப் பொய் சொல்லி விற்றுத்தர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. மூச்சுக்காக வாங்கிய தொட்டியில் செடி செத்தால், அடுத்த முறை அந்த வீட்டுக்காரர் தொட்டியும் வாங்கமாட்டார், செடியும் வாங்கமாட்டார்.

மண் தொட்டி பொருந்தும் இடங்கள் இருக்கின்றன. வெயில் விழும் ஜன்னலோரத்தில் கள்ளி, கற்றாழை, ஸ்நேக் பிளான்ட். இவை காய்ந்து கிடப்பதை விரும்பும். உயரமாகிக் காற்றில் சாயும் ரப்பர் செடிக்கு அடியில் கனம் வேண்டும், அதற்கும் மண் சரி. ஆனால் பன்னிரண்டு அங்குலத் தொட்டி மண் நிரம்பி நனைந்தால் இருபத்தைந்து கிலோவைத் தொடும். பெருக்கித் துடைக்க அதை நகர்த்தப் போகிறவர் யார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது உபதேசம் செய்கிறவராக இருப்பதில்லை.

கடைக்குப் போனால் தொட்டியை வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டிகளில் ஓட்டை இருப்பதுபோல் வட்டமாகக் கோடு மட்டும் இருக்கும், மெல்லிய சவ்வு அடைத்திருக்கும். பாதிப் பேர் அதை உடைக்காமலே மண்ணை நிரப்பிவிடுகிறார்கள். காய்ச்சிய ஆணியோ சால்டரிங் அயனோ கொண்டு குத்தினால் ஒரு நிமிஷ வேலை, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், புகை ஆகாது. மண் தொட்டியில் ஓட்டை ஒன்றுதான் என்றால் அது சுண்டுவிரல் நுழையும் அளவாவது இருக்க வேண்டும். பீங்கானில் துளையிட வேண்டுமானால் ஹார்டுவேர் கடையில் டைல்ஸ் பிட் கேளுங்கள். டிரில்லில் சுத்தியல் மோடை அணைத்துவிட்டு, துளையிடும் இடத்தில் தண்ணீரைச் சொட்டவிட்டு, அழுத்தாமல் மெதுவாகப் போக வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும்.